'டூ' என்னும் வினைச்சொல்லின் வரலாறு

ஆங்கில மொழியில் 'டூ' என்று ஒரு வினைச்சொல் உண்டு. எழுத்தால் இரண்டு, ஒலியால் ஒரே அசை. 'செய்' என்பது அதன் பொருள் என்று தொடக்க வகுப்பிலேயே நாம் கற்பிக்கிறோம். மாணவரும் மனப்பாடம் செய்துகொள்கின்றனர். ஆனால், 'டூ யூ நோ?' என்று ஒருவர் வினவும்போது அங்கே யார் எதைச் செய்கிறார்? 'நீ அறிவாயா?' என்பதே அதன் பொருள். செய்தல் என்னும் கருத்து அங்கே எள்ளளவும் இல்லை. 'ஐ டிட் நாட் கோ' என்றால் 'நான் போகவில்லை' என்று பொருள். அங்கேயும் செய்தல் இல்லை. 'தட் வில் டூ' என்றால் 'அது போதும்' என்று பொருள். 'ஹௌ டூ யூ டூ?' என்னும் முகமன் உரையில் அச்சொல் ஒருமுறைக்கு இருமுறை வருகிறது. ஆயினும் கேட்பவரும் ஒன்றும் செய்யவில்லை, கேட்கப்படுபவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே, 'செய்' என்னும் ஒற்றைப் பொருளைக் கைவிளக்காகக் கொண்டு இச்சொல்லைத் தேடிச் செல்லும் தமிழ் மாணவன் இருளிலே தடுமாறுகிறான். அவன் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆங்கிலேயரே இச்சொல்லின் வழக்கை ஒழுங்குபடுத்திக்கொள்ள ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவன் அறிந்தால், தன்மேல் அவனுக்குள்ள ஐயம் சற்றே நீங்கும். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஐந்தாம் நூற்றாண்டளவில் வட ஐரோப்பியக் கடற்கரையிலிருந்து ஆங்கிள், சாக்சன் முதலிய இனத்தார் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறினர். அவர்கள் பேசிய மொழியே பழைய ஆங்கிலம் எனப்படுகிறது. அந்த மொழியில் 'டோன்' என்பது இவ்வினையின் வடிவம். அதற்குச் 'செய்தல்' என்ற பொருளோடு 'வைத்தல்', 'இடுதல்' என்ற பொருளும் இருந்தது. இந்தப் பழைய பொருளின் சுவடு இன்றும் ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கிறது. ஆடையை அணிவதற்கு 'டான்' என்றும், தொப்பியைக் கழற்றுவதற்கு 'டாஃப்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. 'டூ ஆன்' என்பது சுருங்கி 'டான்' ஆயிற்று. 'டூ ஆஃப்' என்பது சுருங்கி 'டாஃப்' ஆயிற்று. மேலே இடுதல், மேலிருந்து எடுத்தல் என்பவையே அவற்றின் பொருள்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் நமக்கு மிகவும் பழகிய சில சொற்களின் வாசலில் போய் நிற்கிறோம். 1786ஆம் ஆண்டில் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று கூறினார். அதன்பின் வளர்ந்த மொழிநூல், ஆங்கிலமும் அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே என்று நிறுவியது. வடமொழியில் 'வைத்தல்' என்னும் பொருளுடைய 'தா' என்ற வேர் ஒன்று உண்டு. 'நிதி', 'விதி', 'சந்தி' என்று தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் வடசொற்கள் அந்த வேரிலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்தின் 'டூ' என்பதும் அதே வேருக்கு உடன்பிறப்பு. 'செயல்' என்று பொருள்படும் 'டீட்' என்னும் ஆங்கிலச் சொல்லும், 'டூம்' என்னும் சொல்லும் இக்கிளையில் தோன்றியவையே. 'டூம்' என்பதற்கு முற்காலத்தில் 'சட்டம்', 'தீர்ப்பு' என்பன பொருள். பிற்காலத்தில் 'ஊழ்' என்னும் பொருள் அதில் ஏறியது. 'விதி' என்பதும் சட்டத்தையும் குறிக்கிறது, ஊழையும் குறிக்கிறது அன்றோ? ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்கள் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் தனித்தனியே வளர்ந்து, ஒரே பொருளில் வந்து நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. 1816இல் எல்லிஸும், 1856இல் கால்டுவெல்லும் தென்மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எடுத்துக் காட்டினர். ஆகவே, நம் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பிறப்பால் உறவில்லை. ஆனால், பிறப்பால் உறவில்லாத இருவர் தத்தம் வாழ்க்கையில் ஒரே வகையான வழியைக் கண்டுபிடிப்பது உண்டு. அத்தகைய ஒற்றுமை ஒன்று இங்கே இருக்கிறது. அதைப் பின்னர்க் கூறுவேன்.

பழைய ஆங்கிலத்தில் வினாவும் எதிர்மறையும் எவ்வாறு அமைந்தன? இன்றைய 'டூ' அங்கே தேவைப்படவே இல்லை. வினாவாக்கியம் வேண்டுமாயின் எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றினார்கள். 'ஹீ கம்ஸ்' என்றால் 'அவன் வருகிறான்', 'கம்ஸ் ஹீ?' என்றால் 'வருகிறானா?' என்னும் முறை அது. எதிர்மறைக்கு 'நெ' என்ற சிறு சொல்லை வினைக்கு முன்னே வைத்தார்கள். அவ்வளவே.

அந்த 'நெ' மிகவும் மெலிந்த ஒலியுடையது. பேச்சு வேகத்தில் அது காதில் விழாமலும் போகலாம். ஆகவே, மறுப்பை அழுத்திச் சொல்ல விரும்பியவர்கள் வினைக்குப் பின்னே மற்றொரு சொல்லையும் சேர்த்தார்கள். 'ஒன்றும் இல்லை' என்று பொருள்படும் பழைய சொல் ஒன்றின் சுருங்கிய வடிவம் அது. அதுவே இன்றைய 'நாட்'. நாமும் 'நான் திருடவில்லை' என்று சொல்வதோடு அமையாமல், 'நான் ஒன்றும் திருடவில்லை' என்று சினத்தோடு மறுக்கிறோம் அல்லவா? அங்கே 'ஒன்றும்' என்பது மறுப்புக்கு வலிமை தருகிறது. ஆங்கிலத்தில் நாளடைவில் முன்னே நின்ற 'நெ' தேய்ந்து மறைந்தது. துணையாக வந்த 'நாட்' தானே தலைவனாக அமர்ந்தது. 'ஹீ கம்ஸ் நாட்' என்னும் வாக்கியம் பிறந்தது. இந்த மாறுதலின் படிகளை ஓட்டோ யெஸ்பெர்சன் என்னும் டென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் 1917இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பிரெஞ்சு முதலிய பிற மொழிகளிலும் இத்தகைய சுழற்சி நிகழ்ந்திருப்பதை அவர் காட்டினார்.

இனி, நம் கதைத்தலைவன் அரங்கில் நுழைகிறான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஆங்கிலம் பல மாறுதல்களை அடைந்தது. சொல்லின் இறுதியில் நின்று வேற்றுமையையும் இடத்தையும் காட்டிய விகுதிகள் தேய்ந்தன. அக்காலத்தில் 'டூ' என்னும் வினைக்கு 'செய்வித்தல்' என்ற பொருளும் இருந்தது. 'அரசன் கோட்டையைக் கட்டுவித்தான்' என்று நாம் பிறவினையில் சொல்வதை, அவர்கள் 'டூ' என்னும் வினையைத் துணையாகக் கொண்டு சொன்னார்கள். 1400இல் மறைந்த பெருங்கவிஞர் சாஸரின் நூல்களிலும் இப்பொருளைக் காணலாம்.

பிறவினையாக நின்ற இச்சொல் எவ்வாறு பொருளற்ற துணைவினை ஆயிற்று? 'அரசன் கோட்டை கட்டினான்' என்றாலும், 'அரசன் கோட்டை கட்டுவித்தான்' என்றாலும் கல் சுமந்தவன் அரசன் அல்லன் என்பதை எல்லாரும் அறிவர். இரண்டுக்கும் கருத்தில் வேறுபாடு இல்லை. இத்தகைய இடங்களில் 'டூ' என்பது தன் 'செய்வித்தல்' பொருளை மெல்ல மெல்ல இழந்து, வெறும் துணைச்சொல்லாக நின்றிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். வேறு சிலர், பிரிட்டனின் பழங்குடிகளான கெல்டியரின் மொழிகளில் இத்தகைய துணைவினை வழங்குவதைச் சுட்டி, அதன் தாக்கமே இது என்பர். இவ்வழக்கு பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்த செய்யுள் நூல்களில் முதலில் தலைகாட்டுகிறது என்பது இரு சாராரும் ஒப்பும் செய்தி. கவிஞர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. அடியில் ஓர் அசை குறைந்தால் 'டூ' அல்லது 'டிட்' என்பதைப் பெய்து நிரப்பிக்கொள்ளலாம். நம் யாப்பிலே அசைநிலைகள் செய்யும் பணியை அது அங்கே செய்தது.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் நூல்கள் பெருகின. அந்த நூல்களையெல்லாம் சான்றாகக் கொண்டு, இத்துணைவினை பரவிய முறையை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அல்வார் எல்லெகார்ட் என்பார் எண்ணிக் கணக்கிட்டு, 1953இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கண்டது யாது? ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில் இச்சொல் எல்லா வகை வாக்கியங்களிலும் ஒரே வேகத்தில் பரவவில்லை. வினாவாக்கியங்களில் அது விரைந்து இடம்பிடித்தது. எதிர்மறை வாக்கியங்களில் மெல்ல மெல்ல நுழைந்தது. உடன்பாட்டு வாக்கியங்களிலோ, பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி நூற்றுக்குப் பத்து என்னும் அளவை நெருங்கியது. பிறகு பின்வாங்கி மறைந்தது. அதாவது, 'ஹீ டிட் கம்' என்று அழுத்தம் ஏதும் இன்றிச் சாதாரணமாகச் சொல்லும் வழக்கம் வளர்ந்து, பின்பு வீழ்ந்துவிட்டது.

1564இல் பிறந்து 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியர் இந்த மாறுதலின் நடுவில் வாழ்ந்தவர். ஆகவேதான் அவருடைய நாடகங்களில் இரு வழக்குகளும் அருகருகே காணப்படுகின்றன. ஒரு பாத்திரம் 'டூ' இன்றி வினவும். மற்றொரு பாத்திரம் 'டூ' சேர்த்து வினவும். சில வேளைகளில் ஒரே பாத்திரம் இரண்டையும் சொல்லும். கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் படிக்கும் மாணவர் சிலர், 'பெரும்புலவர் இலக்கணம் தவறி எழுதலாமா?' என்று கேட்பதுண்டு. அவர் இலக்கணம் தவறவில்லை. அந்த இலக்கண விதி அன்று இன்னும் உருவாகி முடியவில்லை. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் பழைய வழக்கே மிகுதி.

வினாவிலும் எதிர்மறையிலும் இச்சொல் ஏன் வென்றது? ஆங்கிலத்தில் விகுதிகள் தேய்ந்தன என்று சொன்னேன். நமக்கு 'ஐ' என்னும் வேற்றுமை உருபு இருக்கிறது. 'பையனை அரசன் கண்டானா?' என்றாலும், 'அரசன் பையனைக் கண்டானா?' என்றாலும் கண்டவன் அரசனே. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. யார் முன்னே நிற்கிறார், யார் பின்னே நிற்கிறார் என்னும் வரிசையே பொருளை முடிவு செய்கிறது. வினாவுக்காக வினைச்சொல்லைத் தூக்கி முன்னே வைத்துவிட்டால், அரசனும் பையனும் அடுத்தடுத்து நிற்பார்கள். கண்டவன் யார், காணப்பட்டவன் யார் என்னும் ஐயம் எழும். 'டிட்' என்ற துணைச்சொல்லை முன்னே நிறுத்திவிட்டால், 'டிட் தி கிங் ஸீ தி பாய்?' என்று வினைச்சொல் தன் இடத்திலேயே அசையாமல் நிற்கிறது. எழுவாய் முன்னே, செயப்படுபொருள் பின்னே. ஐயத்துக்கு இடமில்லை. இச்சொல்லின் வெற்றிக்கு அறிஞர் கூறும் காரணங்களுள் இது முதன்மையானது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கு பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. 1711இல் கவிஞர் அலெக்சாந்தர் போப் தம் திறனாய்வுச் செய்யுள் ஒன்றில், அடியை நிரப்புவதற்காக 'டூ' என்பதைப் பெய்யும் புலவர்களை எள்ளி நகையாடினார். எள்ளிய அதே அடியில் தாமும் வேண்டுமென்றே அச்சொல்லைப் பெய்து காட்டினார். 1755இல் வெளிவந்த தம் அகராதியில் டாக்டர் ஜான்ஸனும், உடன்பாட்டு வாக்கியத்தில் தேவையின்றி 'டூ' சேர்ப்பது குற்றம் என்று கடிந்துரைத்தார். முன்பு சிறப்பு எனக் கருதப்பட்ட ஒரு வழக்கு, இரண்டு நூற்றாண்டுகளில் குற்றமாகிவிட்டது!

வினைச்சொற்களுள்ளும் சில எளிதில் பணியவில்லை. 'நோ' எனப்படும் 'அறி' என்னும் வினை போன்ற சில, மற்றவை எல்லாம் 'டூ'வை ஏற்ற பின்னரும் நெடுங்காலம் பழைய வழியிலேயே எதிர்மறை பெற்றுவந்தன. 'பி' என்னும் 'இரு' வினை இன்றும் பணியவில்லை, 'ஈஸ் ஹீ?' என்றுதான் வினவ வேண்டும். 'கேன்', 'மே', 'வில்' முதலிய துணைவினைகளும் அவ்வாறே. 'ஹேவ்' என்னும் வினையின் நிலை இடைப்பட்டது. 'ஹேவ் யூ எ புக்?' என்று பழைய இலக்கண நூல்கள் கற்பித்தன. அமெரிக்கர் 'டூ யூ ஹேவ் எ புக்?' என்றனர். இப்போது இங்கிலாந்திலும் அதுவே பெருவழக்காகிவிட்டது. ஷேக்ஸ்பியருக்கு முன்பே தொடங்கிய பயணம் இன்னும் முடியவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இனி, இந்த வரலாறு நமக்கு எவ்வாறு பயன்படும் என்று காண்போம்.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மாணவனை ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சிற்றூரில் பிறந்து, தமிழ்வழியிலேயே பயின்ற பையன் அவன். நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவன், நடுவில் 'ஐ டிட் நாட் வென்ட்' என்று சொல்லிவிட்டான். அவையில் இருந்த பிற பள்ளி மாணவர் சிலர் சிரித்தனர். அவன் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதன்பின் பல வாரங்கள் ஆங்கில வகுப்பில் அவன் வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவான்; பேசச் சொன்னால் தலை குனிந்து நிற்பான். 'எனக்கு ஆங்கிலம் வராது ஐயா' என்றான். விதியை எடுத்துச் சொன்னால் அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்த விதியைத் தான் மீறியதே தன் அறிவின்மைக்குச் சான்று என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

ஒருநாள் கரும்பலகையில் இரண்டு தமிழ்ச் சொற்களை எழுதினேன். ஒன்று, 'போகவில்லை', மற்றொன்று, 'போனவில்லை'. 'எது சரி?' என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. 'போனவில்லை என்று யாராவது சொல்வார்களா, ஐயா?' என்றனர். 'ஏன் சொல்லக்கூடாது? நடந்து முடிந்த செயல்தானே? இறந்தகாலம் வேண்டாமா?' என்றேன். யாருக்கும் உடனே விடை தோன்றவில்லை. அந்தப் பையன்தான் எழுந்தான். 'இல்லை என்று வந்துவிட்டால், முன்னே உள்ள வினை காலம் காட்டாது, ஐயா' என்றான். சற்று நேரம் கழித்து, 'டிட் வந்துவிட்டாலும் அப்படித்தானே?' என்று தானே கேட்டான். நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

அன்பர்களே, பிறப்பால் உறவில்லாத இரு மொழிகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு என்று முன்னர்ச் சொன்னது இதுதான். பழந்தமிழில் 'வந்திலேன்', 'வந்திலன்', 'வந்திலர்' என்று எதிர்மறை வினை காலமும் இடமும் காட்டி நின்றது. இன்று நாம் 'வரவில்லை' என்கிறோம். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர்கள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். 'வர' என்னும் எச்சம் மாறாமல் நிற்கிறது. மறுக்கும் பொறுப்பு 'இல்லை' என்னும் சொல்லைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் 'ஐ டிட் நாட் கம்' என்னும் வாக்கியத்தில், 'கம்' என்பது மாறாமல் நிற்கிறது; காலம் காட்டும் பொறுப்பு 'டிட்' என்னும் சொல்லைச் சார்ந்தது. சுமையை ஒருவன் ஏற்றுக்கொண்ட பின் மற்றவன் கைவீசி நடக்கலாம். ஒரே சுமையை இருவர் தலையிலும் ஏற்றுவதே 'டிட் நாட் வென்ட்' என்னும் பிழை.

'லவ்ட்' முதலிய இறந்தகால வினைகளின் இறுதியில் வரும் 'ட்' என்னும் ஒலியேகூட, மிகப் பழங்காலத்தில் வினையோடு ஒட்டிக்கொண்ட இந்த 'டூ' வினையின் இறந்தகால வடிவமாக இருக்கலாம் என்று மொழிநூலார் பலர் கருதுகின்றனர். அவர்கள் கருத்து உண்மையாயின், 'டிட் லவ்ட்' என்று எழுதும் மாணவன் ஒரே சொல்லை இருமுறை எழுதுகிறான் என்றே சொல்ல வேண்டும்.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. 'அவன் வந்தான்' என்று ஒருவர் சொல்ல, 'இல்லை, வரவில்லை' என்று மற்றவர் மறுத்தால், முன்னவர் எவ்வாறு அழுத்திச் சொல்வார்? 'அவன் வரத்தான் செய்தான்' என்பார். 'நாட்டில் நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்' என்று நாம் பேசுகிறோம். இங்கே 'செய்' என்பதற்குத் தனிப்பொருள் இல்லை. உறுதி தருவதே அதன் வேலை. ஆங்கிலத்திலும் 'ஹீ டிட் கம்' என்று 'டிட்' என்பதை அழுத்தி ஒலித்தால் அதே பொருள். உடன்பாட்டு வாக்கியத்திலிருந்து பின்வாங்கிய 'டூ' இந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வினாவில்தான் நம் வழி வேறு. தொல்காப்பியர் காலந்தொட்டு நமக்கு ஆ, ஏ, ஓ என்னும் வினா எழுத்துக்கள் இருக்கின்றன. 'வந்தான்' என்பதோடு 'ஆ' சேர்ந்தால் 'வந்தானா' என்று வினா முடிந்துவிடுகிறது, துணைவினை வேண்டியதில்லை. ஆகவே, எதிர்மறையையும் அழுத்தத்தையும் நம் மொழி அறிவைக் கொண்டு கற்கலாம். வினாவைத் தனியே பழக வேண்டும்.

துணைவினையாக அன்றி, முதல்வினையாக வரும்போது 'டூ' என்பதற்கும் 'மேக்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் மாணவர் கவனிக்க வேண்டும். தமிழில் 'வேலை செய்தான்', 'நாற்காலி செய்தான்', 'பிழை செய்தான்' என மூன்றுக்கும் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் வேலைக்கு 'டூ'; நாற்காலிக்கு 'மேக்'; பிழைக்கும் 'மேக்'. செயலில் கருத்து ஊன்றினால் 'டூ', செயலின் விளைவாக ஒன்று உண்டானால் 'மேக்' என்று பொதுவாகக் கொள்ளலாம். வேலை முடிந்தால் முடிந்தது. நாற்காலி எஞ்சி நிற்கிறது. பிழையும் அவ்வாறே, நாம் செய்த பின் தாளிலே எஞ்சி நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது நினைவுக்குத் துணையாகும் ஒரு வழியே தவிர, எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அன்று. ஒருவருக்குத் தீங்கு செய்வதற்கும் உதவி செய்வதற்கும் 'டூ' என்றே ஆங்கிலம் சொல்கிறது. இவற்றை வழக்கு நோக்கியே அறிய வேண்டும்.

முகமன் உரையில் வரும் இரண்டாவது 'டூ', செய்தலைக் குறிப்பது அன்று. 'வாழ்தல்', 'நலமாக நடந்துவருதல்' என்பது அதன் பொருள். 'தட் வில் டூ' என்பதில் வருவதும் அந்த வழியில் வந்ததே: 'அது காரியத்துக்கு ஆகும்', ஆகவே 'போதும்'. நாமும் 'இது ஆகும்', 'இது ஆகாது' என்கிறோம் அல்லவா? 'ஸோ டூ ஐ' என்னும்போது, முன்னே சொன்ன வினையை மீண்டும் சொல்லாமல் அதற்குப் பதிலாக 'டூ' நிற்கிறது. பெயருக்குப் பதிலாகப் பிரதிப்பெயர் நிற்பது போல, வினைக்குப் பதிலாக இவ்வினை நிற்கிறது. இந்த வழக்கு பழைய ஆங்கிலத்திலேயே உண்டு.

இத்தனை பணிகளைச் செய்வதால்தான் இச்சொல்லை யாரும் ஒதுக்க முடிவதில்லை. சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர், பிறநாட்டார் ஆங்கிலத்தை எளிதில் கற்கும்பொருட்டு 850 சொற்களை மட்டும் தேர்ந்து, 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் முறையை வகுத்தார். அவற்றுள் வினைச்சொற்கள் 18 மட்டுமே. அந்தப் பதினெட்டினுள் 'டூ' ஒன்று. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, இத்தகைய சொற்களுக்கு ஒரு பொருளைச் சொல்லி நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பொருளும் எந்த நூற்றாண்டில் தோன்றியது, எந்த நூலில் காணப்படுகிறது, எப்போது மறைந்தது என்று எடுத்துக்காட்டுகளை வரிசைப்படுத்திக் காட்டியது. சொல்லுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்பதே அந்த அகராதியை ஆக்கியோரின் நோக்கம். கல்லூரி மாணவர்கள் நூலகத்தில் ஒருமுறையேனும் அதைத் திறந்து, ஒரு சிறிய வினைச்சொல்லின் பக்கங்களைப் பொறுமையோடு படித்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் பிழை நேர்வது அறிவின்மையின் அடையாளம் என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியிருக்கிறது. கணக்கிலும் அறிவியலிலும் சிறந்த பிள்ளைகள்கூட ஒரு துணைவினைக்கு அஞ்சி, நேர்முகத் தேர்வில் வாய் மூடி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். சிற்றூர்ப் பிள்ளைகளும், தமிழ்வழியில் பயின்று கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளுமே இதனால் மிகுதியும் துன்புறுகின்றனர். அவர்களுக்கு நான் சொல்வது இது: நீங்கள் தடுமாறும் இடம், அம்மொழிக்கு உரியவர்களே பல தலைமுறைகள் தடுமாறிய இடம். அவர்களுடைய பெரும்புலவரின் நூலிலும் அந்தத் தடுமாற்றத்தின் சுவடு இருக்கிறது. பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்காக வெட்கித் தலை குனிய வேண்டியதில்லை. பிறர் பிழை கேட்டுச் சிரிக்கும் மாணவருக்கும் ஒன்று சொல்வேன்: நீங்கள் சிரிக்கும் அந்த விதிக்கு வயது அதிகம் இல்லை.

செய்யத்தக்கது எளிது. 'டூ', 'டஸ்', 'டிட்' என்னும் மூன்றில் ஒன்றை எழுதியவுடன், பேனாவைச் சற்றே நிறுத்துங்கள். அடுத்து வரும் வினையைப் பாருங்கள். அது 'வர', 'போக', 'படிக்க' என்பதுபோல வெறும் வடிவில் நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால் சரி. எழுதும்போது இவ்வாறு பத்து நாள் செய்தால், பேசும்போது நா தானே நின்று திருத்திக்கொள்ளும். நான் முன்னே சொன்ன மாணவன் மறுநாளே பிழையின்றிப் பேசிவிடவில்லை. மேலும் சில முறை அதே பிழை அவன் வாயில் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் தானே நிறுத்தி, தானே திருத்தி, மேலே பேசிச் சென்றான். அவ்வாறு மேலே பேசிச் செல்லும் துணிவு உங்கள் எல்லாருக்கும் வாய்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.